ப வரும்வரை

பதினொன்றுக்கு இன்னும் பதினெட்டு நிமிஷம் இருக்கிறது, அதற்குள் கூடம் நிறைந்துவிட்டது, பைண்டிங் பிரிவுப் பெண்கள் ஐந்து பேரும் பாயில், பக்கத்து வீட்டு வேலுத்தாய் கதவோரம், அவள் புருஷன் தன் வீட்டு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம், என் சிநேகிதி ஜெபக்கனி டிவிக்கு நேர் எதிரில், யார் கேட்டாலும் நகராத இடத்தில். எல்லோரையும் நான்தான் கூப்பிட்டேன். வாயால் இல்லை, துண்டுச் சீட்டில். ஞாயிறு பதினோரு மணி வினாடி வினாவில் நான் வருகிறேன், வீட்டுக்கு வாருங்கள், சேவும் கலரும் உண்டு, என்று எழுதி மேசை மேசையாக வைத்துவிட்டு வந்தேன். சிவப்புப் பேனாவில் எழுதியதால் ஏதோ பிழைதிருத்தம் என்று நினைத்து ஒருத்தி அதை மிஷின் ரூமுக்கே அனுப்பிவிட்டாள். சிவகாசியில் தினசரிக் காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் இருபது வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவள் கையில் வேறென்ன பேனா இருக்கும். இதோ என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி சேவுத் தட்டோடு போகிறார், வருகிறார், மறுபடி போகிறார், ஒரே தட்டை மூன்று தடவை நீட்டிவிட்டார், முகத்தில் கல்யாண வீட்டில் சாம்பார் பற்றாமல் போனவரின் கலக்கம். நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஏ புள்ள, டிவி ரிப்பேருன்னு சொல்லி எல்லாரையும் வரவேண்டாம்னு சொல்லிருவமா, நாம ரெண்டு பேரு மட்டும் பார்ப்பமே" என்றார். நான் தலையாட்டி முடியாது என்றேன். அவர் நினைக்கிறார், நான் தோற்றுப்போய்விட்டேன் என்று. சென்னையில் படப்பிடிப்பு நடந்த அன்று கூட வந்தவர்களை வேறொரு அறையில் உட்கார வைத்துவிட்டார்கள், அங்கே டிவியும் இல்லை, ஒன்றும் இல்லை, சாயங்காலம் நான் அழுது வீங்கிய முகத்தோடு வெளியே வந்தேன், அவர் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு இளநீர் வாங்கிக் கையில் கொடுத்தார். ஒளிபரப்பாகும்வரை யாரிடமும் முடிவைச் சொல்லக்கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சொல்லவில்லை. இருபத்தாறு நாள். இந்தக் கூடத்தில் எனக்கு மட்டும் தெரியும். தோற்கவில்லை. ஜெயித்தேன். நாக்குக்கு அடியில் கற்கண்டை ஒதுக்கி வைத்தமாதிரி இருபத்தாறு நாளாக அதை வைத்துக்கொண்டிருக்கிறேன், கரையவே இல்லை.

ஆனால் பயமும் அங்கேயேதான் இருக்கிறது. ஜெயித்ததைக் காட்டுவார்கள், சரி, ஜெயித்த விதத்தை எப்படிக் காட்டுவார்கள். முந்தாநாள் இந்த நிகழ்ச்சியின் விளம்பரத்தில் ஒரு பையன் பதில் தெரியாமல் முழித்ததற்கு ஒரு காக்காயைக் கத்த விட்டார்கள், டொய்ங் என்று ஒரு சத்தம், பையன் முகத்தை மட்டும் இரண்டு தடவை கிட்டத்தில் கொண்டுவந்தார்கள். பைண்டிங் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரித்துவிட்டு உள்ளே போய் முகம் கழுவினேன். எனக்கு எத்தனை காக்காய் கத்த விட்டிருப்பார்கள். எனக்குத் திக்கும். சும்மா அங்கொன்றும் இங்கொன்றுமாக இல்லை, கதவைச் சாத்திக் குறுக்குக்கட்டை போட்டமாதிரித் திக்கும். க பரவாயில்லை, த தள்ளினால் திறக்கும், அ எனக்கு எப்போதும் திறந்த வாசல், அதனால்தான் மகளுக்கு அகல்யா என்று பெயர் வைத்தேன், எல்லோரும் நல்ல பெயர் என்றார்கள், என்னால் கூப்பிடமுடிகிற பெயர் என்பது எனக்குத்தான் தெரியும். ப மட்டும் வராது. உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், மூச்சு பின்னால் வந்து முட்டிக்கொண்டு நிற்கும். அப்படிப்பட்ட எனக்கு வைத்த பெயர் பேச்சியம்மாள். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவின்போது பெயர் கேட்டால் நான் எழுந்து நிற்பேன், பின்வரிசையிலிருந்து ஒருத்தி, "பேச்சியாம், பேச்சே காணோம்" என்பாள், டீச்சர்கூடச் சிரித்துவிட்டுத்தான் அதட்டுவார். கல்யாணமான புதிதில் கடைக்குப் போய்ப் பாசிப்பருப்பு கேட்க முடியாமல் துவரை வாங்கி வருவேன், பட்டாணிக்குப் பதில் கொண்டைக்கடலை, பூண்டு வேண்டுமென்றால் வெள்ளைப்பூடு என்பேன், வ வருமே, எங்கள் வீட்டில் தேவையானதைச் சமைத்ததைவிட என் வாயில் வந்ததைச் சமைத்ததுதான் அதிகம். ஒரு சொல் அடைத்தால் அடுத்த சந்து வழியாக ஓடி இன்னொரு சொல், அதுவும் அடைத்தால் இன்னொன்று, இப்படி ஓடி ஓடியே ஒவ்வொன்றுக்கும் நாலு சொல் தெரிந்துவைத்துக்கொண்டேன். அதோடு வருஷத்துக்கு முந்நூற்று அறுபத்தைந்து தாளின் பின்பக்கம், அதில் அச்சாகிற பொது அறிவு, மூலிகை, ஊர், நதி, நாடு, பறவை, பல காலண்டர், பல வருஷம், எல்லாம் என் கண் வழியாகத்தான் போயிற்று. எல்லாம் உள்ளே போயிற்று. வெளியேதான் வரவில்லை.

வெளியே வராததை மற்றவர்கள் எடுத்துக் கொடுத்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது, பிரியத்தில் செய்தார்கள். டாக்டரிடம் எனக்கு எங்கே வலிக்கிறது என்பதைத் தங்கப்பாண்டி சொல்வார், பல சமயம் சரியாகவே சொல்வார், ஒருமுறை இடது முழங்காலை வலது என்று சொல்லிவிட்டார், நான் திருத்த வாயெடுப்பதற்குள் வலது காலைப் படம்பிடித்துவிட்டார்கள். பஸ்ஸில் டிக்கெட் அவர்தான், மகளின் பள்ளிக்கூடக் கூட்டத்தில் அவர்தான், நான் "ப" என்று உதட்டைக் குவித்தால் போதும், அவர் முடித்துவிடுவார். அச்சகத்தில் ஜெபக்கனி. அவள் கம்ப்யூட்டரில் அடிப்பாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து திருத்துவேன், பத்தொன்பது வருஷம், என் வாயிலிருந்து முதல் எழுத்து வந்தால் மீதியை அவளே போட்டுக்கொள்வாள், அச்சுக்கோப்பு மாதிரி. சில நாள் நான் சொல்ல வந்தது அதுவாக இருக்காது, இருந்தாலும் சரி என்று விட்டுவிடுவேன், அவர்கள் முடித்துவைத்ததையே நான் நினைத்ததாக வைத்துக்கொள்வேன். அப்படியே எத்தனை நினைப்பு மாறிப்போயிற்றோ. மதுரையில் ஹாஸ்டலில் இருக்கும் அகல்யாதான் ஒருநாள், "அம்மா, உனக்கு எவ்வளவு தெரியும்னு உனக்கே தெரியல" என்று சொல்லி என்னைக் கேட்காமலே நிகழ்ச்சிக்கு விண்ணப்பம் போட்டாள். எழுத்துத் தேர்வு. அதில் எனக்கு என்ன கஷ்டம், கூப்பிட்டுவிட்டார்கள். தங்கப்பாண்டிக்குத் தூக்கமே இல்லை. "அங்க நான் பக்கத்துல நிக்க முடியாதே புள்ள" என்றார். அதைக் கேட்டபோது எனக்குள் பயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன சந்தோஷம் வந்து உட்கார்ந்தது, அது ஏன் என்று அன்றைக்குப் புரியவில்லை.

"ஏய் ஏய், ஆரம்பிச்சுட்டான்" என்று ஜெபக்கனி கத்துகிறாள். முதல் பாட்டு, விளக்குகள், நடத்துகிறவர் ஓடிவந்து கைகூப்புகிறார், மேசைக்குப் பின்னால் மூன்று பேர், கடைசியில் நான். என் பச்சைச் சேலை டிவியில் நீலமாகத் தெரிகிறது. "அக்கா, எம்புட்டு அழகா இருக்கீக" என்கிறாள் வேலுத்தாய். கூடத்தில் கைதட்டல். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன், சில்லிட்டுக் கிடக்கிறது, அந்த அரங்கமும் அப்படித்தான் சில்லிட்டிருந்தது, ரவிக்கையில் மைக்கைக் குத்திய பெண், "பதட்டப்படாதீங்கம்மா, உங்க பேரை மட்டும் சொல்லுங்க, மத்ததெல்லாம் பட்டனை அமுக்கி ஒரு வார்த்தைல முடிஞ்சிரும்" என்றாள். பேரை மட்டும். அன்றைக்கு என் பேரை நாலு தடவை எடுத்தார்கள். முதல் தடவை உதடு ஒட்டிக்கொண்டது ஒட்டிக்கொண்டதுதான், விளக்குக்குப் பின்னாலிருந்து யாரோ "கட்" என்றார்கள். இரண்டாவது தடவை தலையெல்லாம் ஆடியது. மூன்றாவதில் கண்ணில் நீர் வந்து மேக்கப் கலைந்தது. ஒருவர் அருகில் வந்து மரியாதையாகத்தான் கேட்டார், "உங்க பேரை நடத்துறவரே சொல்லிரட்டுமா, நீங்க வணக்கம் மட்டும் வச்சா போதும்." வேறு நாளாக இருந்தால் சந்தோஷமாகத் தலையாட்டியிருப்பேன். நாற்பத்து மூன்று வருஷமாக மற்றவர்கள்தானே சொல்கிறார்கள். ஆனால் பக்கத்தில் தங்கப்பாண்டி இல்லை, ஜெபக்கனி இல்லை, அந்த வெளிச்சத்தில் நான் மட்டும் இருந்தேன், வேண்டாம், இன்னொரு தடவை எடுங்கள் என்று கையால் சைகை காட்டினேன். நாலாவது தடவை வந்தது. மெதுவாக, இழுத்து, வந்தது. ஆனால் அந்த முதல் மூன்றும் அவர்கள் கையில் இருக்கிறதே, வைத்துக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்யலாமே, காக்காய், டொய்ங். டிவியில் நான் வாயைத் திறக்கிறேன். "வணக்கம். சிவகாசியிலிருந்து வர்றேன். நான் ப்..." கூடம் மூச்சை இழுக்கிறது. ஜெபக்கனியால் இருக்க முடியவில்லை, டிவியைப் பார்த்தே "பேச்சியம்மாள்!" என்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். எல்லோரும் சிரிக்கிறார்கள், அவளும் தலையில் குட்டிக்கொள்கிறாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில் டிவியில் நான், "பேச்சியம்மாள்" என்கிறேன். சத்தம் ஒன்றும் இல்லை. காக்காய் இல்லை. நடத்துகிறவர் தலை குனிந்து வணக்கம் சொல்கிறார். நான் மெல்ல மூச்சு விட்டேன், ஆனால் இது சின்னது, நாலைந்து விநாடிதான், கடைசியில் வரப்போவது பெரிது, அதை என்ன செய்திருக்கிறார்கள்.

கேள்விகள் வருகின்றன. நான் பட்டனை அமுக்குகிறேன். யானையின் கர்ப்பகாலம் எத்தனை மாதம், இருபத்திரண்டு. வெறுங்கண்ணுக்கு நீலமாகத் தெரியும் வானம் நிலவில் என்ன நிறம், கருப்பு. ஒவ்வொன்றும் க, இ, த, எல்லாம் என் பக்கம் நிற்கிற எழுத்துகள். "ஏட்டி, இதெல்லாம் நான் டைப் அடிச்சதுதான, எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லயே" என்று ஜெபக்கனி தலையில் கைவைத்துக்கொள்கிறாள். திருச்சியிலிருந்து வந்த இளைஞர் ஒருவர், வெள்ளைச் சட்டை, அருவி மாதிரிப் பேசுகிறவர், கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறார், அவரும் நானும் மாறி மாறி ஏறுகிறோம், மூன்றாவது ஆள் பாவம் பின்தங்கிவிட்டார். கூடத்தில் சேவு தின்பதை நிறுத்திவிட்டார்கள். வேலுத்தாயின் புருஷன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார், "அண்ணாச்சி, அக்கா சும்மா பொளக்குதே" என்று தங்கப்பாண்டியிடம் சொல்கிறார். தங்கப்பாண்டிக்கு ஒவ்வொரு சரியான விடையும் ஒரு படி, படி ஏற ஏறக் கீழே விழுகிற உயரமும் கூடுகிறது என்று கணக்குப் போடுகிறார், அவர் முகம் எனக்குத் தெரியாதா. அன்று திரும்பி வரும் ரயிலில் இரவு முழுதும் அவர் வேறு எதையெதையோ பேசினார், மகளுக்கு ஒரு சைக்கிள், கூரையில் ஒழுகல், அவர் வேலை பார்க்கிற கட்டிங் மிஷினுக்குப் புது பிளேடு, நிகழ்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் அழுதது தோல்வியால் இல்லை என்று அவரிடம் சொல்லவேண்டும்போல் இருந்தது, ஆனால் சொல்லியிருந்தால் நான் அதில் பாதியைத்தான் சொல்லியிருப்பேன், மீதியை அவர் முடித்திருப்பார், அவர் முடிப்பதில் நான் சொல்லுக்காகக் காத்து நின்ற அந்த நேரம் இருந்திருக்காது. அந்த நேரம் முழுசாக அவர் கண்ணால் பார்க்கவேண்டும். அதற்காகத்தான் இத்தனை பேர். இத்தனை பேர் நடுவில் என்றால் அவரால் எழுந்து போய் டிவியை அணைக்க முடியாது. விளம்பர இடைவேளை. எண்ணெய் விளம்பரம், பற்பசை விளம்பரம், மறுபடி எண்ணெய். தங்கப்பாண்டி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதருகில், "வெளிய கொஞ்சம் நிக்கியா, வந்தவுகள நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இல்லை என்று தலையாட்டினேன்.

இதோ. இருவரும் சமம், கடைசிக் கேள்வி, யார் சரியாகச் சொன்னாலும் அவர்தான் வெற்றி. பத்து விநாடிக்குள் சொல்லத் தொடங்கவேண்டும். நடத்துகிறவர் அட்டையைப் பார்த்துப் படிக்கிறார். "தமிழ்நாட்டின் வடகோடியில், உப்பேரிக் கரையில் இருக்கிற ஊர். டச்சுக்காரர்கள் கோட்டை கட்டி வியாபாரம் செய்த இடம். எந்த ஊர்?" டிவியில் என் கை அடித்த அடியில் பட்டன் உடைந்திருக்கும். திருச்சிக்காரரைவிட ஒரு நொடி முந்தி. அடித்தபிறகுதான் அன்று எனக்கு உறைத்தது, பதில் ப. ஏப்ரல் மாதத்துத் தாள் ஒன்றில் பழவேற்கடு என்று வந்திருந்தது, சிவப்புப் பேனாவால் ஒரு துணைக்கால் போட்டு பழவேற்காடு ஆக்கினேன், அந்தக் காலை இன்றைக்கும் கண்ணில் பார்க்கிறேன். சந்து வழியாக ஓடலாம் என்றால் அதற்கு இன்னொரு பெயர் புலிகாட், அதுவும் ப. எனக்குத் தெரிந்த நாலு சொல்லும் உதவாத முதல் இடம். ஓட வழியில்லை. டிவியில் என் உதடு ஒட்டிக்கொள்கிறது. "ப்..." கடிகாரம் சிவப்பில் ஒன்பது, எட்டு. கழுத்து நரம்பு புடைக்கிறது, கண் ஒரு பக்கம் போகிறது, நான் இப்படியா இருப்பேன், என் முகத்தை நான் இப்படிப் பார்த்ததே இல்லை, எல்லோரும் இத்தனை வருஷமும் இதைத்தான் பார்த்திருக்கிறார்கள். ஐந்து, நாலு. வெட்டவில்லை. இசை போடவில்லை. நடத்துகிறவர் ஓரத்து மேசைப் பக்கம் திரும்புகிறார், அங்கே உட்கார்ந்திருக்கும் கண்ணாடி போட்ட நடுவர் அம்மா, "தொடங்கிட்டாங்க. காத்திருப்போம்" என்கிறார், அவ்வளவுதான், கையைக் கட்டிக்கொள்கிறார். பூஜ்யம். பூஜ்யத்துக்குப் பிறகும் நான் ப-விலேயே நிற்கிறேன். அரங்கத்தில் சத்தம் இல்லை, எங்கள் கூடத்தில் சத்தம் இல்லை, ஃபேன் மட்டும் சுற்றுகிறது. ஜெபக்கனி முன்னால் சாய்கிறாள், அவளுக்கு ஞாபகம் வந்துவிட்டது, அவள்தானே அடித்தாள், "பழ..." என்று எடுக்கிறாள். என் பக்கத்திலிருந்து தங்கப்பாண்டி கையை நீட்டி, அவளை அடிக்கப் போகிறவர் மாதிரி, ஆனால் மெல்லிய குரலில், "சும்மா இரு ஜெபக்கனி. அவ சொல்லுவா" என்கிறார். அவருக்குத் தெரியாது. நான் தோற்றேன் என்றுதான் இந்த நொடிவரை நம்புகிறார். இருந்தும் சொன்னார், அவ சொல்லுவா என்று. இருபத்தொரு வருஷத்தில் அவர் எனக்காகப் பேசியதிலேயே அதுதான் சின்ன வாக்கியம். டிவியில் என் மூச்சு ஒருதடவை இறங்குகிறது, தோள் தளர்கிறது, உதடு பிரிகிறது. "பழவேற்காடு."

அவ்வளவுதான். பைண்டிங் பெண்கள் ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுந்ததில் பாய் சுருண்டுகொண்டது, கலர் பாட்டில் ஒன்று உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று, வேலுத்தாய் குலவை போட்டாள், அவள் புருஷன் நாற்காலி மேலேயே ஏறி நின்றுவிட்டார், தெருவில் போன யாரோ என்ன என்ன என்று ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். டிவியில் திருச்சிக்காரர் என் கையைப் பிடித்துக் குலுக்குகிறார், நான் அழுகிறேன், அந்த அழுகை, அதைத்தான் அவர் தோல்வி என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தார். ஜெபக்கனி என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "பாவி மகளே, பாவி மகளே, இருபத்தாறு நாளா எம்பக்கத்துலதான உக்காந்திருந்த" என்கிறாள். தங்கப்பாண்டி எழுந்திருக்கவே இல்லை. வெற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கிறார், கண் நிறைந்து வழிகிறது, துடைக்கக்கூட இல்லை. "நான் எம்புட்டு வருஷமா உன்னய முடிக்க விடல புள்ள" என்றார். நான் அவர் தோளில் கை வைத்தேன், அது சூடாக இருந்தது, என் கையும் சூடாகிவிட்டிருந்தது. "எப்படிக்கா அது, அந்தக் கேள்வில நீங்க என்ன நெனச்சீக, எங்களுக்கு ஒண்ணுவிடாம சொல்லுங்க" என்று வேலுத்தாய் என் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் உட்கார்ந்தார்கள். தங்கப்பாண்டி வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். நான் ரயில் ஏறியதிலிருந்து தொடங்கினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே "படப்பிடிப்பு" வந்து உதட்டில் ஒட்டிக்கொண்டது, நான் வேறு சொல் தேடவில்லை, அங்கேயே நின்றேன், யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, சொல் வந்தது, அடுத்ததுக்குப் போனேன். எனக்கு அவசரமே இல்லை. டிவியில் அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிட்டது, பெரிய நட்சத்திரம் யாரோ வந்து கைகாட்டினார், ஜெபக்கனி திரும்பிக்கூடப் பார்க்காமல் ரிமோட்டைத் தடவி எடுத்து அதன் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு, "ம், சொல்லு" என்றாள்.